பூஜ்ஜியம் எழுதிய மூன்று வாரம்

1

ராஜபாளையத்தில் என்னைப் பற்றி விசாரித்தால், "சங்கரபாண்டி அமெரிக்காவில் போலீசில் இருக்கிறான்" என்று சொல்வார்கள். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. நான் இருக்கும் நகரத்தின் காவல் துறைதான் எனக்குச் சம்பளம் தருகிறது. ஆனால் என் இடுப்பில் துப்பாக்கி கிடையாது. கையில் ஒரு பலகை இருக்கிறது. எட்டு மூலை வைத்த சிவப்புப் பலகை, கைக்கம்பில் மாட்டியது. ஒரு தொடக்கப் பள்ளிக்குப் பக்கத்துத் தெரு முனையில் காலையில் ஒன்றரை மணி நேரம், பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் நிற்பேன். பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் நடு ரோட்டுக்குப் போய்ப் பலகையைத் தூக்கிப் பிடிப்பேன். வண்டிகள் நிற்கும். பிள்ளைகள் கடப்பார்கள். நான் திரும்ப ஓரத்துக்கு வருவேன். வேலை அவ்வளவுதான்.

அந்த முனையில் எனக்கு இப்போது ஐந்து வருடம் முடிகிறது. இந்த வருடம் அந்த முனையே இல்லாமல் போகப் பார்த்தது. அதற்கு நானே காரணமாக இருந்தேன். அதை ஊர்க்காரர்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் பதினைந்து வருடம் வேலை பார்த்தேன். என் மனைவி செல்வி கூமாப்பட்டிக்காரி, நர்ஸ் படித்தவள். பெண் பார்க்கப் போன அன்று நான் வாயே திறக்கவில்லை. அவள்தான் காப்பியை நீட்டும்போது சொன்னாள், "நீங்க நெய்யிற துணியத்தான் நாங்க ஆஸ்பத்திரில புண்ணுக்குக் கட்டுதோம்." நான் காப்பியை ஒரே மடக்கில் குடித்தேன். பிறகு அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் வந்து சேர்ந்தேன்.

வந்த புதிதில் ஒரு கிட்டங்கியில் பெட்டி அடுக்கினேன். அங்கே எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு வேர்த்துவிடும். இந்த வேலைக்கு ஆள் எடுக்கிற அறிவிப்பைச் செல்விதான் பார்த்தாள். "இதுல நீங்க பேசவே வேண்டாங்க, கைய மட்டும் தூக்குனாப் போதும்" என்றாள்.

அவள் சொன்னதில் பாதிதான் சரி. பிள்ளைகள் என்னை விடவில்லை. பல் விழுந்தால் வாயைத் திறந்து காட்டுவார்கள். நாய் குட்டி போட்டால் எத்தனை குட்டி என்று சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார்கள். "மிஸ்டர் பாண்டி, இன்றைக்கு எனக்குப் பிறந்தநாள்" என்று ஒரு பெண் மாதம் ஒரு தடவையாவது சொல்வாள். நான் ஒவ்வொரு தடவையும் வாழ்த்துச் சொல்வேன். இந்த நாட்டில் நான் வாய் திறந்து பேசுகிற ஒரே இடம் அந்த முனைதான்.

2

குளிர்காலம் முடிகிற சமயத்தில், முனைகளில் நிற்கும் எங்கள் எல்லோரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிச் செய்தி வந்தது. ஸ்டேஷனுக்கு வா என்றால் எனக்கு இன்னமும் ஊர்ப் பயம்தான். முந்தின நாளே முடி வெட்டிக்கொண்டேன்.

எங்களுக்கு மேலதிகாரி ஒரு பெண், லெப்டினன்ட். நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருப்பார். வேகமாகப் பேசுவார். காப்பியும் இனிப்பு வடை மாதிரி ஒன்றும் வைத்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டேன்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான். அடுத்த பள்ளி ஆண்டுக்கு எங்களை வைத்துக்கொள்ள நகராட்சியிடம் பணம் இல்லை. அதனால் காவல் துறை மாநில அரசிடம் மானியம் கேட்டு விண்ணப்பம் போடுகிறது. எல்லா முனைகளுக்கும் கேட்க முடியாது. எந்த முனைகளை விண்ணப்பத்தில் சேர்ப்பது என்பதை நாங்கள் நிரப்பித் தரும் தாளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மூன்று வாரம், தினமும் ஒரு தாள்.

தாளில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் எத்தனை பிள்ளைகள் கடந்தார்கள். இரண்டாவதில், பலகையைக் காட்டியும் நிற்காமல் போன வண்டிகள் எத்தனை. மூன்றாவதில், விபத்து நடக்கப் பார்த்து மயிரிழையில் தப்பியது எத்தனை.

"கேள்வி இருக்கிறதா?" என்று லெப்டினன்ட் கேட்டார். எனக்கு இருந்தது. கை தூக்கவில்லை. தினமும் இருநூறு தடவை ரோட்டில் கை தூக்குகிறவனுக்கு ஓர் அறைக்குள் கை எழவில்லை.

3

என் அண்ணன் குருசாமி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏட்டு. எங்களுக்குச் சாயங்காலம் சாப்பாடு முடிகிற நேரம் அங்கே விடிந்திருக்கும். அவன் டூட்டிக்குக் கிளம்புமுன் வாட்ஸப்பில் கூப்பிடுவேன். அன்றைக்கு மானிய விஷயத்தைச் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏலே, போலீசே கவர்மெண்டுதானலே. கவர்மெண்டு எதுக்குலே கவர்மெண்டுக்கு மனு எழுதணும்?"

"இங்கன போலீசு நகராட்சிக்குக் கீழ வருதுண்ணே. மாநிலத்துட்டதான் கேக்கணும்."

"எங்களுக்கு ரோட்ட மறிக்கப் பாரிகார்டு வேணும்னா நகைக்கடைக்காரர்ட்ட ஒரு வார்த்த. கடைப் பேரப் பெயிண்ட்ல எழுதி மறுநாளே கொண்டாந்து நிறுத்திருவாரு. ஒங்க லெப்டினன்ட் அம்மாவுக்கு ஒரு நகைக்கடை கூடவா தெரியாது?"

பிறகு அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன். இந்த இடத்தில் அண்ணன் விளையாட்டை விட்டுவிட்டான்.

"நல்லாக் கேட்டுக்க சங்கரா. புள்ளைய எண்ணிக்கைய எம்புட்டுன்னாலும் எழுது. மத்த ரெண்டு கட்டத்துலயும் சைபர் போட்டுக் கையெழுத்துப் போட்டுரு."

"நிக்காமப் போற வண்டி இருக்குண்ணே."

"எங்கதான் இல்ல? அத எழுதினீன்னா, நீ அங்கன நின்னு என்னலே புடுங்குனேன்னு கேப்பான். ஒன் பாயிண்ட்ல ஒண்ணு நடந்தா அது ஒன் தலையில. ஒண்ணும் நடக்காத பாயிண்டுதான் நல்ல பாயிண்டு. கேஸு கொறஞ்ச ஸ்டேஷனுக்குத்தான சுதந்திர தினத்துக்குக் கோப்பை குடுக்கான்?"

எனக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. தறிக்கூடத்திலும் அப்படித்தான். என்னோடு நின்ற ஒருவருக்கு விரல் நுனி போனது. நாங்கள் நெய்த துணியையே சுற்றி அவரை வீட்டுக்கு அனுப்பினோம். அன்றைக்கும் பதிவேட்டில் விபத்து "இல்லை" என்றுதான் எழுதினார் மேஸ்திரி. மாலையில் முதலாளி வந்து பதிவேட்டைப் புரட்டிவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார்.

நல்ல முனைக்குத்தானே அரசு பணம் தரும்? நான் மூன்று வாரமும் பிள்ளைகளை ஒன்று விடாமல் எண்ணினேன். மற்ற இரண்டு கட்டங்களிலும் பூஜ்ஜியம் போட்டேன். வட்டம் சரியாக வர வேண்டும் என்று பேனாவை மெதுவாகச் சுழற்றிப் போட்டேன்.

4

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை நடந்ததை இனி எழுத வேண்டும்.

மழை விட்டுத் தரை பளபளத்துக் கிடந்தது. ஒரு தாய், தள்ளுவண்டியில் கைக்குழந்தையும் பக்கத்தில் முதல் வகுப்புப் பெண்ணுமாகக் கடக்க வந்தாள். நான் நடுவில் போய் நின்று பலகையைத் தூக்கினேன். நேர் ரோட்டில் வந்த கார்கள் நின்றன. வளைவிலிருந்து ஒரு சரக்கு வேன் வலதுபக்கம் திரும்பியது. ஓட்டுகிறவன் இடதுபக்கம் பார்த்துக்கொண்டே திரும்பினான். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நன்றாக நினைவிருக்கிறது. "ஏலே" என்று கத்தினேன். அந்தத் தாய் தள்ளுவண்டியை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள். நான் பலகையை வேனின் மூக்குக்கு நேராக நீட்டினேன். கம்பு ஒடிந்தது. பலகை ரோட்டில் விழுந்து உருண்டது. வேன் கொஞ்ச தூரம் போய்த் தயங்கியது, பிறகு போய்விட்டது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாய் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நன்றி சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

ஏன் மன்னிப்புக் கேட்டேன் என்று பிறகு யோசித்தேன். என் கைக்கு ஒரு வண்டி நிற்கவில்லை. அந்த வேலைக்கு அதைவிட வேறு அவமானம் என்ன இருக்கிறது?

இன்னொன்றும் இருந்தது. அண்ணனுக்கு ஒரு தடவை கூட்டத்தில் லத்தி முறிந்தது. அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். அந்த மெமோவுக்குப் பதில் எழுத அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் கடையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் வாங்கிக் கம்பை ஒட்டவைத்துச் சுற்றினேன். தறியில் அறுந்த இழையை முடிந்து பழகிய கை. ஒட்டு வெளியே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைய தாளிலும் இரண்டு பூஜ்ஜியம்.

வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை. செல்வி அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிப்டு. மகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் நாச்சியார். ஸ்ரீவில்லிபுத்தூரில் முடியிறக்கிக் காது குத்தி வைத்த பெயர். இங்கே பள்ளியில் பிள்ளைகள் அதை "நாச்சோஸ்" என்று ஒரு தின்பண்டத்தின் பெயராக்கிக் கேலி செய்தார்கள். இவளே "நியா" என்று மாற்றிக்கொண்டாள். நான் இந்த முனைக்கு வந்த வருடம் அவள் இதே தொடக்கப் பள்ளியில் கடைசி வகுப்பு. "அப்பா, பிள்ளைங்க முன்னாடி என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொன்னாள். நான் கூப்பிடவில்லை. மற்ற பிள்ளைகளைக் கடத்திவிடுகிற மாதிரி அவளையும் கடத்திவிட்டேன். இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். இந்த வழிதான் பக்கம். அவள் நூலகத்துத் தெருவைச் சுற்றிப் போகிறாள்.

5

ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டிய அன்று, பக்கத்து முனையில் நிற்கும் டோரத்தி அம்மாவோடு போயிருந்தேன். எழுபது வயது. முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவர். என்னை "பாண்டி டியர்" என்பார். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பட்டியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் முனை இதில் இல்லையே."

நான் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினேன். இல்லை. கீழே தனியாக ஒரு பட்டியல் இருந்தது. பள்ளி ஆண்டு முடிந்ததும் ஆள் இல்லாமல் விடப்போகும் முனைகள். அதில் முதல் பெயர் என் தெரு.

"நிற்காத வண்டி எத்தனை எழுதினாய்?" என்று டோரத்தி கேட்டார்.

"பூஜ்ஜியம்."

"ஒரு நாளைக்கா?"

"மூன்று வாரத்துக்கும்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கண்ணே, ஆபத்து இருக்கும் முனைக்குத்தான் அரசு ஆள் தரும். நான் என்னைத் திட்டியவனைக்கூட எழுதினேன். உன் தாளைப் பார்த்தால் அந்த முனையில் தேவதைகள் வண்டி ஓட்டுகிறார்கள் என்றல்லவா நினைப்பார்கள்?"

அவர் சிரித்தது என்னைக் குத்துவதற்காக இல்லை. ஆனால் நான் அந்தப் பட்டியலை மறுபடியும் மேலிருந்து தேடினேன். என் வேலை போவது ஒரு பக்கம். கிட்டங்கியில் பெட்டி அடுக்க மறுபடியும் போய்விடலாம். அடுத்த வருடம் அந்த வளைவில், அந்த வேன் திரும்புகிற இடத்தில், பலகையோடு யாரும் நிற்கமாட்டார்கள். அந்தத் தாயும் தள்ளுவண்டியும் அங்கேதான் கடப்பார்கள். நான் போட்ட அழகான வட்டங்கள்தான் அதற்குக் காரணம்.

விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் நகரமன்றத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று நடக்கும் என்றும், யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம் என்றும் டோரத்தி சொன்னார். "லெப்டினன்ட்டிடம் முதலில் சொல். பிறகு அங்கே வந்து பேசு."

மூன்று நிமிடம் பேசுவதா? பெண் பார்க்கப் போன இடத்திலேயே பேசாதவன் நான்.

6

வீட்டுக்குப் போனால் செல்வியும் மகளும் சமையலறையில் இருந்தார்கள். மகளின் கையில் என் பலகை. கம்பிலிருந்து டேப்பைப் பாதி உரித்திருந்தாள்.

"அப்பா, இது எப்படி ஒடஞ்சது?"

"கீழ விழுந்துச்சு."

"விழுந்தா இப்படி ஒடையாது. சைடுல அடிபட்டிருக்கு."

செல்வி அடுப்பை அணைத்தாள். சோறு பொங்கும்போது அவள் அடுப்பை அணைத்தால் விஷயம் பெரியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேன், தள்ளுவண்டி, தாள், பூஜ்ஜியம், அண்ணன் சொன்னது, பட்டியல்.

"ஒங்க அண்ணன் பேச்சக் கேட்டுத்தான் இந்த வீட்டுல எல்லாம் நடக்கணுமா?" என்று செல்வி ஆரம்பித்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எங்க ஆஸ்பத்திரில ஒரு நர்ஸு தப்பு மருந்த எடுத்து, ஊசி போடுறதுக்கு முந்தி கண்டுபிடிச்சு நிறுத்திட்டான்னா, அதையும் எழுதணுங்க. எழுதுனவளுக்குத் தண்டன கெடையாது. எழுதாம மறச்சவளுக்குத்தான். நான் எத்தன தடவ எழுதிக் குடுத்திருக்கேன் தெரியுமா?"

"நீ சொன்னதில்லையே."

"நீங்க கேட்டதில்லையே."

அவள் தப்பு மருந்தை எடுத்த நாட்களில் நான் எங்கே இருந்தேன்? இதே நாற்காலியில் உட்கார்ந்து அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பேன். இரண்டு பேரும் பன்னிரண்டு வருடமாக ஒருவருக்கொருவர் "எல்லாம் நல்லாப் போச்சு" என்று சொல்லி வந்திருக்கிறோம்.

மகள் அழுதாள். அழுகை கோபமாக வந்தது. "அந்த வேன் உங்களை இடிச்சிருந்தா? எனக்கு யார் சொல்லியிருப்பா? போலீசா?"

"இடிக்கலையேம்மா."

"நான் லைப்ரரி பக்கம் போயிட்டிருந்திருப்பேன்" என்றாள். மீதி டேப்பையும் உரித்துக் கீழே போட்டாள். 

மறுநாள் காலையில் லெப்டினன்ட்டிடம் போனேன். மகள் தன் பள்ளியில் முதல் பாடவேளையை விட்டுவிட்டுக் கூட வந்தாள். ஒடிந்த கம்பை மேஜைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். லெப்டினன்ட் அதைத் தொடவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.

"மிஸ்டர் பாண்டி, தாள்களைத் தொகுத்தாகிவிட்டது. இப்போது நான் எண்ணை மாற்றினால், பணத்துக்காக நானே கூட்டி எழுதினேன் என்பார்கள். பொதுக் கூட்டத்தில் நீங்களே சொல்லி, அது பதிவானால்தான் மறுபடியும் எண்ண உத்தரவு வாங்க முடியும்." பிறகு கேட்டார், "சொல்வீர்களா?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

7

நகரமன்றக் கூடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். நான் பேச வேண்டியதை மகள் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்திருந்தாள், நான் வாசிக்க வேண்டும் என்பதற்காக. அவளுக்குத் தமிழ் எழுத்து எழுத வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. ஆனாலும் படிக்க முடிந்தது.

எனக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். ஒருவர் தெருவிளக்கைப் பற்றிப் பேசினார். ஒருவர், போலீசுக்கு எதற்கு இன்னும் பணம் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் ஏதோ நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. என் பெயரை அழைத்தார்கள். ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றேன். கடிகாரம் ஓடத் தொடங்கியது. முதல் வரியை இரண்டு தடவை தொடங்கி, இரண்டு தடவையும் தப்பாக வாசித்தேன்.

மகள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். "நீங்க தமிழ்ல சொல்லுங்கப்பா" என்று காதருகில் சொன்னாள். "நான் சொல்லிக்கிறேன்."

நான் சொன்னேன். "என் தாள் தப்பு. தினமும் ஏழெட்டு வண்டி நிற்காமல் போகும். மழை நாளில் கூடும். ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு வேன் என் கம்பை ஒடித்தது. ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும் கையெட்டும் தூரத்தில் இருந்தார்கள். நான் அதை எழுதவில்லை. ஒளித்துவிட்டேன்."

மகள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னாள்.  மேடையில் இருந்த உறுப்பினர் ஒருவர், வயதான பெண்மணி, முன்னால் குனிந்து கேட்டார், "ஏன் ஒளித்தீர்கள்?"

"வெட்கமாக இருந்தது" என்றேன். "என்னை நம்பித்தான் பிள்ளைகள் ரோட்டில் காலை வைக்கிறார்கள். என் கைக்கு வண்டி நிற்கவில்லை என்று நானே எப்படி எழுதுவது? எங்கள் ஊரில் அப்படி எழுதும் வழக்கம் இல்லை. ஆனால் எழுதாமல் விட்டால் அடுத்த வருடம் அங்கே யாருமே நிற்கமாட்டார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. என்னை அனுப்பிவிட்டாலும் பரவாயில்லை. வேறு யாரையாவது நிறுத்துங்கள்."

மகள் இதையும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதைப் புரிந்துகொண்டேன். "இவர் என் அப்பா. நான் இந்த முனையில்தான் கடந்து பள்ளிக்குப் போனேன். என் பெயர் நாச்சியார்." முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பதிவு எழுதுகிறவர் நிமிர்ந்து, எழுத்துக் கூட்டச் சொன்னார். அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்தது. யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

8

முனை மறுபடியும் எண்ணப்பட்டது. பத்துப் பள்ளி நாட்கள், என் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் மடிக்கும் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினார். முதல் நாள் அவரது சீருடையைப் பார்த்ததும் எல்லா வண்டியும் கோயில் மாடு மாதிரி நின்றது. பிறகு சாதாரண உடுப்பில் வந்தார். மூன்றாவது நாள் ஒரு கார் என்னைச் சுற்றிக்கொண்டு போனபோது, அவர் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுக் கட்டத்தில் கோடு போட்டார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

எனக்கு எழுத்துப்பூர்வமாக ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். தாளில் உண்மை எழுதாததற்காக. கம்பு ஒடிந்ததற்கு ஒன்றும் இல்லை; புதுப் பலகை தந்தார்கள். எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, அதை அண்ணனுக்குப் படம் பிடித்து அனுப்பினேன்.

அண்ணன் உடனே கூப்பிட்டான். "என்னலே, மெமோவ வாங்கிட்டுப் போட்டோ அனுப்புத?"

நான் வேன் கதையைச் சொன்னேன். அவனிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. அவன் குறுக்கே பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் கேட்டதே இல்லை. 

"ஏம்லே அன்னைக்கே சொல்லல?"

"நீ கவலப்படுவேன்னுதான்."

"நானும் ஒண்ணு சொல்லலலே" என்றான் அண்ணன். "போன ஆடிப்பூரத்துத் தேருக்கு, கூட்டம் தள்ளி கீழ விழுந்துட்டேன். தோள்பட்ட எலும்பு முறிஞ்சு போச்சு. மதுரைல வச்சுப் பிளேட் வச்சிருக்கு. காய்ச்சல்னு ஒங்கிட்டச் சொல்லிட்டேன்."

"அண்ணே!"

"ஒன் மைனிட்டயும் ஒங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். அவ ஒன்னப் பாத்தா அழுதுருவான்னுதான் மூணு மாசம் வீடியோவப் போடல." பிறகு தன் பழைய குரலுக்குத் திரும்பிவிட்டான். "சரி, அத விடு. தப்ப எழுதிக் குடுத்தா துட்டு வருதுன்னா அது நல்ல ஊருதான்லே. வந்துச்சா, இல்லையா?"

"இன்னும் வரலண்ணே. காத்திருக்கோம்."

"வந்தாச் சொல்லு. வராட்டியும் சொல்லு."

9

பள்ளி ஆண்டின் கடைசி வாரம் வரை பதில் வரவில்லை. விண்ணப்பத்தில் என் முனையைச் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான் தெரியும். அரசு கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். டோரத்தி, "கொடுக்காவிட்டால் நாம் இரண்டு பேரும் ஒரு டீக்கடை போடுவோம்" என்றார். நான் மனதுக்குள் பிள்ளைகளிடம் விடைபெற ஆரம்பித்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு முகத்தையும் ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்துக்கொண்டேன். மாதாமாதம் பிறந்தநாள் வருகிற அந்தப் பெண் அந்த வாரமும் பிறந்தநாள் என்றாள். வாழ்த்துச் சொன்னேன்.

வியாழக்கிழமை பிற்பகல், பள்ளி விடும் நேரம். லெப்டினன்ட் தானே காவல் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, முனைக்கு முன்னால் மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்கினார். 

"மிஸ்டர் பாண்டி," என்றார், "வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு. உங்கள் முனையும்."

நான் வாயைத் திறந்தேன். நன்றி என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு வரவில்லை. அவர் காத்திருந்தார்.

அதற்குள் மணி அடித்துப் பிள்ளைகள் கூட்டமாக ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். முன்னால் தள்ளுவண்டியோடு அந்தத் தாய். நான் லெப்டினன்ட்டுக்குப் பதில் சொல்லாமலே ரோட்டில் இறங்கிவிட்டேன். பலகையைத் தூக்கினேன். எதிர்ப்பக்கத்துக் கார்கள் நின்றன. இந்தப் பக்கம் காவல் வண்டி கொஞ்சம் முன்னால் நகர்ந்திருந்தது. ஊரில் போலீஸ் ஜீப் வந்தால் ஒதுங்கி நின்று பழகிய கால்கள் ஒரு நொடி தடுமாறின. பிறகு அந்த வண்டியின் முகத்துக்கு நேராகவே பலகையைத் திருப்பிப் பிடித்தேன்.

நின்றது.

தள்ளுவண்டி கடந்தது. முதல் வகுப்புப் பெண் கடந்தாள். கடைசியாக வந்த இரண்டு பேர் நடு ரோட்டில் நின்று, விழுந்துவிட்ட வண்ணப் பென்சில்களைப் பொறுக்கினார்கள். ஒவ்வொன்றாக, நிறம் பார்த்துப் பெட்டிக்குள் வைத்தார்கள். நான் அவசரப்படுத்தவில்லை. லெப்டினன்ட் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, நான் பலகையை இறக்கும்வரை காத்திருந்தார்.